உங்களுக்குத் தெரியுமா? தொண்டு நிறுவனத் தலைவரின் சம்பளம்

அமெரிக்காவில் வரிவிலக்குப் பெற்ற தொண்டு நிறுவனத்தின் தலைவர் எவ்வளவு சம்பளம் வாங்குகிறார் என்பது ரகசியம் அல்ல. ஆண்டுதோறும் வரித்துறைக்கு அளிக்கும் ‘படிவம் 990’-இல் அதை எழுதியாக வேண்டும். யார் கேட்டாலும் காட்டியாக வேண்டும். தேவாலயங்களுக்கு இந்தக் கட்டாயம் கிடையாது.

கணக்கு வெளியே தெரிந்தால் மட்டும் போதாது என்று உணர்த்தியது வில்லியம் அராமனியின் வழக்கு. ‘யுனைடெட் வே ஆஃப் அமெரிக்கா’ அமைப்பை 1970 முதல் நடத்தியவர் அவர். சம்பளமும் சலுகைகளுமாக ஆண்டுக்கு 4,63,000 டாலர் பெற்றும், அமைப்பின் பணத்தைச் சொந்தச் சுகங்களுக்குத் திருப்பினார். எத்தனையோ தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி மனமுவந்து கொடுத்த நன்கொடையில் வளர்ந்த அமைப்பு அது! 1992இல் பதவி விலகினார். 1995இல் ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார்.

அடுத்த ஆண்டே சட்டம் இறுகியது. நியாயமான அளவை மீறிச் சம்பளம் வாங்கிய தலைவர், மிகையான தொகையில் 25 சதவீதத்தை வரியாகக் கட்ட வேண்டும். உரிய காலத்தில் அந்தத் தொகையைத் திருப்பித் தராவிட்டால் 200 சதவீதம். தெரிந்தே ஒப்புதல் தந்த நிர்வாகிகளும் தப்ப முடியாது.

2018 முதல் இன்னொரு பிடி: மிக அதிகச் சம்பளம் பெறும் ஊழியரின் ஆண்டுச் சம்பளம் 10 லட்சம் டாலரைத் தாண்டினால், தாண்டிய தொகைக்கு 21 சதவீத வரியை நிறுவனமே செலுத்த வேண்டும். மருத்துவர் சிகிச்சைக்காகப் பெறும் ஊதியம் இதில் சேராது.