ஏணியில் அடங்காத நம்பிக்கை

ஓர் ஏணியை நினைத்துக்கொள்ளுங்கள். அடிப்படி 0, உச்சிப்படி 10. உங்களுக்கு வாய்க்கக்கூடிய மிகச் சிறந்த வாழ்க்கை உச்சியில், மிக மோசமானது அடியில். இன்று நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள்? ஐந்து ஆண்டு கழித்து எந்தப் படியில் நிற்பீர்கள்?

அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கேன்ட்ரில் 1965இல் வெளியிட்ட நூலில் கையாண்ட கேள்வி இது. கேலப் நிறுவனம் இன்றும் உலகம் முழுக்க இதைக் கேட்கிறது. உலக மகிழ்ச்சி அறிக்கையில் 2018 முதல் ஆண்டுதோறும் பின்லாந்து முதலிடம் பிடித்துவருவது கேள்வியின் முதல் பாதியை வைத்துத்தான். இரண்டாம் பாதியை 2013இல் ஓர் ஆய்வு கையில் எடுத்தது. 142 நாடுகள், ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர். பெரும்பாலான நாடுகளில் பெரும்பாலானோர் எதிர்காலத்தை நம்பினார்கள். நம்பிக்கை கூடிய இடத்தில் மனநிறைவும் கூடியிருந்தது.

கேட்க இனிமையான முடிவு. ஆனால் நாளை நன்றாக இருக்கும் என்று வாய்விட்டுச் சொல்வதையே பண்புக்குறைவாக நினைக்கும் சமூகங்களை இந்த ஏணி எப்படி அளக்கும்?

ஸ்டீவன் ஹைன், டேரின் லேமன் இருவரும் 1995இல் கனடா மாணவர்களையும் ஜப்பான் மாணவர்களையும் ஒப்பிட்டார்கள். மற்றவர்களைவிட எனக்கு நல்லது அதிகம் நடக்கும், கெட்டது குறைவாக நடக்கும் என்ற எண்ணம் கனடாவில் ஓங்கியிருந்தது, ஜப்பானில் மங்கியிருந்தது. அடுத்த ஆண்டு எட்வர்ட் சாங் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் கண்டது இன்னும் முக்கியமானது என்பேன். ஆசிய வம்சாவளி மாணவர்களிடம் அவநம்பிக்கை அதிகம். ஆனால் நம்பிக்கை வெள்ளையின மாணவர்களுக்குக் குறைந்ததாக இல்லை. இரண்டும் ஒரே மனதில் அருகருகே குடியிருந்தன. வெள்ளையின மாணவர்களிடம் அவநம்பிக்கை கூடினால் சிக்கலை எதிர்கொள்ளும் முயற்சி தளர்ந்தது. ஆசிய மாணவர்களிடமோ, அவநம்பிக்கை கூடியவர்களே சிக்கலைத் தீர்ப்பதில் அதிகம் முனைந்தார்கள். கெடுதல் வரலாம் என்ற நினைப்பே அவர்களை முனையவைத்திருக்கலாம்.

நம் வீடுகளுக்கு இது புதிதல்ல. பிள்ளைக்கு வேலை கிடைத்த செய்தியைக்கூடக் கண்பட்டுவிடும் என்று அடக்கிச் சொல்லும் அம்மாக்கள் நம்பிக்கை இழந்தவர்களா? அவர்களை ஏணியின் கீழ்ப்படியில் நிறுத்தினால் அது அளவுகோலின் பிழை.

ராபர்ட் பிஸ்வாஸ்-டீனரும் அவருடைய தந்தை எட் டீனரும் 2001இல் வெளியிட்ட கொல்கத்தா ஆய்வும் இதே இடத்தைத் தொடுகிறது. குடிசைவாசிகள், பாலியல் தொழிலாளர்கள், நடைபாதையில் வாழ்பவர்கள் ஆகியோரிடம் பேசினார்கள். ஒட்டுமொத்த வாழ்க்கைக்கு அவர்கள் தந்த மதிப்பெண் நடுக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது. குடும்பம், நட்பு என்று தனித்தனியாகக் கேட்டபோது நடுக்கோட்டுக்கு மேலே ஏறியது. இதைக் காட்டி ஏழைகள் மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறார்கள் என்று வாதாடுவது கொடுமை. குடிநீரும் மருத்துவமும் இல்லாத குறையை உறவுகள் ஓரளவு தாங்கிப்பிடிக்கின்றன, அவ்வளவே.

ஏணி மட்டும் போதாது என்று ஜப்பானிய அறிஞர்கள் வலியுறுத்தியதில், 2020இல் கேலப் தன் கேள்விகளில் சமநிலையையும் மன அமைதியையும் சேர்த்தது. பரபரப்பான வாழ்க்கை வேண்டுமா, அமைதியான வாழ்க்கை வேண்டுமா என்றும் கேட்டது. அமைதியை நாடுவது கிழக்கின் குணம் என்றுதான் பலரும் எண்ணியிருந்தார்கள். கிழக்கு, மேற்கு என்ற பேதமின்றி ஏறக்குறைய எல்லா நாடுகளிலும் பெரும்பான்மையினர் அமைதியையே கேட்டார்கள். ஆனால் வாழ்வில் சமநிலை தங்களுக்குக் கிடைத்திருக்கிறது என்று சொன்னவர்கள் அதிகம் இருந்தது வசதி படைத்த மேற்கு நாடுகளில்.