பனிமலை விகாரையில் ஒரு மருத்துவ நூல்

திபெத்து மருத்துவத்தின் மூலநூலை ஆங்கிலத்தில் முதன்முதல் அறிமுகஞ் செய்தவர் ஒரு மருத்துவரல்லர். அம்மருத்துவத்தைத் தேடிப் புறப்பட்டவருமல்லர். தம் இனத்தின் பூர்வீகத்தைத் தேடிப் புறப்பட்ட மொழியறிஞர் அவர்.

அலெக்சாண்டர் சோமா என்னும் அப்பெரியார், இன்று ருமேனியாவிலுள்ள கோறோஸ் என்னும் சிற்றூரில், 1784ஆம் ஆண்டிலே ஹங்கேரியக் குடும்பமொன்றிற் பிறந்தவர். ஹங்கேரியரின் ஆதித் தாயகம் ஆசியாவிலே எங்கோ உளதென நம்பி, 1819இல் வீட்டைவிட்டுப் புறப்பட்டார். வழியின் பெரும்பகுதியை நடந்தே கடந்து, 1822இல் லடாக்கை அடைந்தார். அங்கே மூர்க்ராப்ட் என்னும் ஆங்கிலேய மிருக வைத்தியரின் நட்பு வாய்த்தது. அவரது தூண்டுதலால் திபெத்து மொழியைக் கற்கத் தொடங்கினார்.

சான்ஸ்கார்ப் பள்ளத்தாக்கிலே சங்கியே புந்த்சோக் என்னும் லாமா அவருக்கு ஆசிரியரானார். ஒன்பதடிச் சதுரமான அறை, வெளியே உறைபனி, அறையில் நெருப்பில்லை. ஆட்டுத்தோற் போர்வைக்குள் ஒடுங்கியிருந்து, ஏட்டைப் புரட்டுவதற்கு மட்டுமே கையை வெளியே நீட்டுவாராம். பின்னர் 1827 முதல் சத்லஜ் நதிப் பக்கத்துக் கானம் என்னும் மலைக்கிராமத்திலே தங்கிப் படித்தார். அக்காலத்தில் ஆங்கில ஆட்சியார் அவருக்களித்த மாதப்படி ஐம்பது ரூபா. அதிற் பாதி ஆசிரியருக்கே சென்றது.

அந்த ஆசிரியர் மருத்துவமும் கற்றவர் என்பதே இங்கு முக்கியம். அகராதி தொகுக்க வந்த மாணவருக்காக, 'கியூஷி' என்னும் மருத்துவ நூலின் சுருக்கமொன்றை லாமா எழுதிக் கொடுத்தார். சோமா அதனை ஆங்கிலத்திலாக்க, 1835இல் வங்காள ஆசியக் கழகத்தின் சஞ்சிகையில் அது வெளிவந்தது.

'கியூஷி' என்றால் நான்கு தந்திரங்கள் என்பது பொருள். 156 அதிகாரங்கள் கொண்டது. உடலை நடத்துவன காற்று, பித்தம், சளி என்னும் மூன்று எனக் கூறும். நம்மூர்ப் பரியாரியாரிடம் நாடி காட்டியவர்கள், இவை வாதம், பித்தம், சிலேற்பனம் அல்லவா என்பர். அவ்வொற்றுமை தற்செயலானதன்று. வாக்படரின் வடமொழி மருத்துவ நூலாகிய அஷ்டாங்க ஹிருதயம் 11ஆம் நூற்றாண்டிலே திபெத்து மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. அதன் பல பகுதிகள் 'கியூஷி'யிற் கலந்துள்ளன. ஆயினும் இது வெறும் பிரதியன்று. ஆசை காற்றையும், வெகுளி பித்தத்தையும், அறியாமை சளியையும் கெடுக்கும் எனப் பௌத்த உளநூல் நோய்நூலோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. சிகிச்சையிலும் முதலில் உணவு, அடுத்து ஒழுக்கம், இவை போதாதவிடத்தே மருந்து. இக்கலைக்குத் திபெத்தியர் இட்ட பெயரோ 'சோவா ரிக்பா'. குணமாக்கும் அறிவு என்பது அதன் பொருள். 'சோவா' என்பதற்குப் பேணி வளர்த்தல் என்ற பொருளும் உண்டு.

சோமாவின் கட்டுரையைச் சதையில்லா எலும்புக்கூடு எனல் தகும். பெரும்பாலும் அதிகாரங்களின் தலைப்பும் சாரமுமே அதிலுள்ளன. மருந்துகளைச் சோதித்தறியும் பயிற்சி அவருக்கில்லை. எனினும் பின்வந்த ஆய்வாளர் நுழைந்த வாயில் அதுவே. 2010இல் இந்திய அரசு சோவா ரிக்பாவைச் சட்டப்படியான மருத்துவ முறையாக ஏற்றது.

சோமா லாசா நகரைக் காணவில்லை. 1842இல் அங்கு செல்லும் வழியில், அடிவாரக் காட்டுக் காய்ச்சலோடு டார்ஜிலிங் சேர்ந்தார். டாக்டர் காம்பெல் மருந்துண்ணுமாறு வற்புறுத்தினார். சோமா முதலில் மறுத்துவிட்டார். ஏப்ரில் 11ஆம் நாள் அவர் உயிர் பிரிந்தது. அவர் விட்டுச் சென்றவை நான்கு பெட்டி நூல்களும் தாள்களும், எப்போதும் அணிந்த நீல உடை, சில சட்டைகள், சமையற் பாத்திரம் ஒன்று.