போனில் சிக்னல் போனால் யாரிடம் பேசுவீர்கள்? ஹாம் ரேடியோ கற்றுத்தரும் பாடம்

ஒரு சின்னச் சோதனை. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்ததும் உங்கள் போனைப் பத்து நிமிடம் ஏரோபிளேன் மோடில் போட்டுப் பாருங்க. வைஃபையும் வேண்டாம். இப்போது வெளியூரில் இருக்கிற அம்மாவுக்கு, "நான் நல்லா இருக்கேன், பயப்படாதீங்க" என்று சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வீங்க? பக்கத்து வீட்டில் லேண்ட்லைன் இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அம்மாவின் நம்பர் உங்களுக்கு மனப்பாடமாகத் தெரியுமா?

பலருக்குத் தெரியாது. இது கற்பனைச் சிக்கலும் இல்லை. 2015 டிசம்பரில் சென்னையும், 2018 நவம்பரில் கஜா புயல் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களும் இதை நேரில் பார்த்தன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு ரயில் நின்றுபோனது. அந்த நாட்களில் தென் மாவட்டங்களில் பல குடும்பங்கள் போனைக் கையில் வைத்துக்கொண்டே, பேச வழியில்லாமல் தவித்தன.

டவர் ஏன் படுத்துவிடுகிறது?

நம் போன் நேராக இன்னொரு போனோடு பேசுவதில்லை. முதலில் பக்கத்து டவரோடு பேசும். அந்த டவருக்கு மின்சாரம் வேண்டும். மின்சாரம் போனால் பேட்டரி சில மணி நேரம் தாங்கும், பிறகு ஜெனரேட்டருக்கு டீசல் வேண்டும். ரோட்டில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் டீசல் எப்படிப் போகும்? டவரில் இருந்து செல்லும் ஃபைபர் கேபிள் அறுந்தாலும் அதே கதைதான். எல்லாம் சரியாக இருந்தாலும், ஊரே ஒரே நேரத்தில் போன் செய்தால் நெரிசலில் அழைப்பு போகாது.

இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் போதும், போன் வெறும் டார்ச் லைட்தான். இப்படிப்பட்ட சங்கிலியே தேவைப்படாத ஒரு தொடர்பு முறை இருக்கிறது. அதுதான் ஹாம் ரேடியோ எனப்படும் அமெச்சூர் வானொலி.

ஹாம் ரேடியோ எப்படி வேலை செய்கிறது?

ஒரு கருவி, ஒரு ஆன்டெனா, ஒரு 12 வோல்ட் கார் பேட்டரி. இது இரண்டு இடங்களில் இருந்தால் போதும், நடுவில் டவரோ இணையமோ எந்த நிறுவனமோ தேவையில்லை.

கையடக்க வாக்கி டாக்கி வகைக் கருவிகள் பெரும்பாலும் 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும். 5 வாட் சக்தியில், கட்டடங்கள் நிறைந்த நகரத்தில் சில கிலோமீட்டர் தூரம் பேசலாம். உயரமான இடத்தில் 'ரிப்பீட்டர்' என்ற மறுஒலிபரப்பிக் கருவி இருந்தால் மாவட்டத்தின் பெரும்பகுதி எட்டும். 7 மெகா ஹெர்ட்ஸ், 14 மெகா ஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் பேசினால், அலைகள் வானில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய்ச் சேரும்.

ஆன்டெனா என்றதும் பெரிய செலவு என்று நினைக்காதீங்க. 7 மெகா ஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 20 மீட்டர் செம்புக் கம்பியை நடுவில் வெட்டி, இரண்டு பக்கமும் இழுத்துக் கட்டினால் ஒரு நல்ல ஆன்டெனா தயார். இரண்டு தென்னை மரம் போதும்.

போர்ட் பிளேரில் அந்த ஞாயிற்றுக்கிழமை

2004 டிசம்பரில், ஹைதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் ஒரு குழுவோடு போர்ட் பிளேர் சென்றிருந்தார். அந்தமானில் பல ஆண்டுகளாக ஹாம் ரேடியோவுக்கு அனுமதி இல்லை. அதனால் அங்கிருந்து யாராவது பேச மாட்டார்களா என்று உலகம் முழுக்க ஹாம்கள் காத்திருந்தார்கள். அவர்களோடு பேசுவதுதான் பயணத்தின் நோக்கம். சுத்தமான பொழுதுபோக்கு.

டிசம்பர் 26 காலை ஆறரை மணி அளவில் நிலம் குலுங்கியது. பிறகு சுனாமி வந்தது. மற்ற தொடர்புகள் முடங்கிய நிலையில், பொழுதுபோக்குக்காக வைத்திருந்த அதே கருவி அவசரத் தொடர்பு நிலையமாக மாறியது. தீவுகளில் என்ன நிலைமை, யார் பத்திரமாக இருக்கிறார்கள் என்ற தகவல்கள் அங்கிருந்து இந்திய நிலப்பரப்புக்குப் போயின.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. சுனாமி வந்த பிறகு கருவி வாங்கி, ஆன்டெனா கட்டி, பேசக் கற்றுக்கொள்ள யாராலும் முடியாது. அங்கே எல்லாம் முன்கூட்டியே தயாராக இருந்தது. உலகம் முழுக்கக் காது கொடுத்துக் கேட்க ஆட்களும் இருந்தார்கள். அதனால்தான் உதவ முடிந்தது.

கிளப்பில் என்ன செய்வார்கள்?

ஹாம் ரேடியோ கிளப்புகள் வெளியிலிருந்து பார்த்தால் விளையாட்டு மாதிரிதான் தெரியும். குறிப்பிட்ட நேரத்தில் எல்லோரும் ஒரே அலைவரிசையில் வருவார்கள். ஒருவர் வருகைப்பதிவு எடுப்பது போல ஒவ்வொருவரையும் அழைப்பார். இதற்கு 'நெட்' என்று பெயர். "இதில் என்ன இருக்கு?" என்று தோன்றலாம். யாருடைய கருவி வேலை செய்கிறது, எந்தப் பகுதியில் சிக்னல் எட்டவில்லை என்பது இதில்தான் தெரியவரும்.

மறைத்து வைத்த ஒரு சிறிய ஒலிபரப்பியைத் திசை ஆன்டெனாவோடு தேடிக் கண்டுபிடிக்கும் 'ஃபாக்ஸ் ஹன்ட்' என்ற போட்டியும் உண்டு. மாரத்தான், சைக்கிள் பயணங்களில் வழிநெடுக நின்று தகவல் சொல்வார்கள். மைதானத்தில் கூடாரம் அடித்து, பேட்டரியிலும் சூரிய மின்தகட்டிலும் மட்டும் நிலையத்தை இயக்கிப் பார்ப்பார்கள். சாரணர் இயக்கத்துப் பிள்ளைகள் ஆண்டுதோறும் அக்டோபரில் வானொலி வழியே மற்ற நாட்டுச் சாரணர்களோடு பேசுவார்கள். எல்லாமே பேரிடர் நாளுக்கான ஒத்திகைதான்.

குறைவாகப் பேசு, நிறையக் கேள்

100 வாட் கருவி ஒன்று பேசும்போது 20 ஆம்பியர் வரை மின்சாரம் எடுக்கும். கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒரு ஆம்பியர் அளவுதான். பேட்டரி தீர்ந்தால் மாற்று கிடைக்காத இடத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் விலை உண்டு. மேலும், ஒரே அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீங்கள் வளவளவென்று பேசினால், உயிருக்குப் போராடுகிற ஒருவரின் செய்தி காத்திருக்கும்.

அதனால் ஹாம்கள் செய்தியை முதலில் எழுதிக்கொள்வார்கள், பிறகுதான் பேசுவார்கள். "இங்க ரொம்ப மோசமா இருக்கு, சீக்கிரம் வாங்க" என்பது செய்தி இல்லை. "பெருமாள் கோயில் தெரு, அரசு நடுநிலைப்பள்ளி மொட்டைமாடி. 14 பேர். ஒரு கர்ப்பிணி, ஒரு நீரிழிவு நோயாளி. குடிநீர் இல்லை. தண்ணீர் மட்டம் ஏறுகிறது. நேரம் மாலை 4.20." இது செய்தி. எங்கே, எத்தனை பேர், என்ன தேவை, எப்போது என்ற நான்கும் இதில் இருக்கிறது. எதிர்முனையில் இருப்பவர் அதைத் திரும்பச் சொல்லி உறுதி செய்வார்.

இந்தப் பழக்கத்துக்கு உரிமம் வேண்டாம். 112-க்கு அழைக்கும்போதும், கட்டுப்பாட்டு அறைக்குப் பேசும்போதும், வாட்ஸ்அப்பில் உதவி கேட்கும்போதும் இதே முறையில் சொல்லுங்க. நேரம் போடாமல் அனுப்பிய செய்திதான், ஆட்கள் மீட்கப்பட்ட பிறகும் சுற்றிச் சுற்றி வந்து மீட்புக் குழுவை அலைக்கழிக்கிறது.

உரிமம் பெறுவது எப்படி?

ஹாம் ரேடியோவில் பேச ஒன்றிய அரசின் தொலைத்தொடர்புத் துறை தரும் உரிமம் கட்டாயம். 12 வயது நிரம்பிய யாரும் தேர்வு எழுதலாம். இன்ஜினியரிங் படிப்பு தேவையில்லை. தேர்வில் இரண்டு பகுதிகள். ஒன்று வானொலி பற்றிய அடிப்படை அறிவியல், மற்றது விதிமுறைகள். 'ரெஸ்ட்ரிக்டட்', 'ஜெனரல்' என்று இரண்டு நிலைகள் உண்டு. ஜெனரல் நிலைக்கு மோர்ஸ் குறியீடும் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பத்தைச் 'சரல் சஞ்சார்' இணையதளத்தில் செலுத்தலாம். கட்டணமும் தேதிகளும் மாறக்கூடும் என்பதால் அங்கேயே பார்த்துக்கொள்ளுங்கள். தேர்ச்சி பெற்று உரிமம் கிடைத்ததும் உங்களுக்கென்று ஓர் அழைப்புக் குறி வரும். இந்திய ஹாம்களின் குறிகள் வழக்கமாக வி.யு.2, வி.யு.3 என்று தொடங்கும்.

ஒரு எச்சரிக்கை. ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாக்கி டாக்கி வாங்கி, உரிமம் இல்லாமல் பேசாதீங்க. அது சட்டப்படி குற்றம். காவல்துறை, விமானப் போக்குவரத்து போன்ற சேவைகளின் அலைவரிசையில் தெரியாமல் குறுக்கிட்டால் பெரிய ஆபத்து. உரிமம் பெற்றவர்களும் வியாபாரம் பேசவோ, பாட்டு ஒலிபரப்பவோ கூடாது.

நேரம் இல்லை என்பவர்கள் என்ன செய்யலாம்?

எல்லோரும் ஹாம் ஆக வேண்டியதில்லை. மழைக்காலம் தொடங்கும் முன் இதையாவது செய்து வையுங்க.

முக்கியமான ஐந்து நம்பர்களைத் தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பர்ஸில் வையுங்கள். மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077 இரண்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவரைக் குடும்பத்தின் 'தகவல் மையம்' ஆக்குங்கள். பிரிந்திருந்தால் எல்லோரும் அவருக்கே தகவல் சொல்ல வேண்டும்.

அழைப்பு போகாவிட்டால் எஸ்.எம்.எஸ். அனுப்புங்கள். நெரிசலிலும் அது நுழைந்து போக வாய்ப்பு அதிகம்.

பேட்டரியில் இயங்கும் ஒரு சிறிய ரேடியோ, மாற்று பேட்டரிகள், சார்ஜ் ஏற்றிய பவர் பேங்க் வீட்டில் இருக்கட்டும்.

சிக்னல் இருக்கும்போதே 'டி.என். அலர்ட்' செயலியை இறக்கி, உங்கள் பகுதி எச்சரிக்கைகளைப் பார்க்கப் பழகுங்கள்.

உங்கள் தெருவிலோ கல்லூரியிலோ ஹாம் உரிமம் பெற்றவர் இருக்கிறாரா என்று விசாரித்து வையுங்கள். தன்னார்வலராகப் பயிற்சி பெற விருப்பம் இருந்தால், மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் ஆப்த மித்ரா திட்டம் பற்றிக் கேளுங்கள்.

இப்போது போனை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு தாளை எடுத்து, அந்த ஐந்து நம்பர்களை எழுதப் பாருங்க. எத்தனை நினைவுக்கு வருகிறது? வராதவற்றை சிக்னல் திரும்பியதும் பார்த்து எழுதி முடித்துவிடுங்கள். முதல் வரியில் அம்மாவின் நம்பர் இருக்கட்டும்.