நெசவாளர் சங்கமும் விளம்பரமும்

அங்கத்தினர்களே! சரக்கு நல்லதாயிருந்தால் மட்டும் போதாது; அது கிடைக்குமிடம் வாங்குவோருக்குத் தெரிய வேண்டும். ஆயினும், விளம்பரத்திற்குச் செலவாவது உங்கள் பணமேயாகும். ஆகையால், வாங்குகிறவர் யார், எங்கே கூடுகிறார் என்பதை முதலில் ஆராயுங்கள். அண்டையூரார் வாங்கும் வேட்டி, துண்டுகளுக்குச் சந்தைக் கடையும், திருவிழாவில் வழங்கும் துண்டுப் பிரசுரமும் போதும். தூரத்து நகரத்தார் வாங்கும் பட்டுச் சேலைக்கு இவை பயன்படா. 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற ஸ்தாபனங்களின் விற்பனை நிலையங்களே ஏற்றவை. 2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரை, விசைத்தறித் துணியினின்று நம் துணியைப் பிரித்துக் காட்டும்.

எவ்வழியையும் முதலிற் சிறிய அளவிற் சோதித்து, செலவையும் அதனால் வந்த விற்பனையையும் கணக்கிற் பதிந்து ஒப்பிடுங்கள். சாயம் போகும் துணிக்குச் செய்யும் விளம்பரம், சங்கத்தின் அவப்பெயரையே பரப்பும் என்பதை மறவாதீர்கள்.