தோனி ரன் அவுட்: 2019 ஃபைனலை சிஎஸ்கே தோற்றது அம்பயராலா?

தாம்பரம் – பீச் லோக்கலில் ஐபிஎல் பேச்சு எடுத்தால், பல்லாவரம் வருவதற்குள் 2019 ஃபைனல் வந்துவிடும். "தலைக்கு அவுட் கொடுக்கலைன்னா கப் நம்மளுது" என்று ஒருவர் ஆரம்பிப்பார். உண்மையிலேயே அப்படியா?

2019 மே 12, ஹைதராபாத். மும்பை 149 ரன். சேஸிங்கில், ஓவர்த்ரோவில் இன்னொரு ரன்னுக்கு ஓடினார் தோனி. இஷான் கிஷன் எறிந்த பந்து நேராக ஸ்டம்ப்பில் பட்டது. ஒரு கேமராவில் பேட் கோட்டைத் தாண்டியது போலத் தெரிந்தது, இன்னொன்றில் தாண்டாதது போல. மூன்றாவது நடுவர் நைஜல் லாங் திரும்பத் திரும்பப் பார்த்து அவுட் கொடுத்தார். தோனி 8 பந்தில் 2 ரன். கடைசியில் சிஎஸ்கே தோற்றது ஒரே ஒரு ரன்னில். கோபம் வராமல் என்ன செய்யும்?

ஆனால் அந்த முடிவோடு மேட்ச் முடியவில்லை. அதன் பிறகு மலிங்காவின் ஓர் ஓவரில் 20, க்ருணாலின் ஓர் ஓவரில் 20 ரன் வந்தன. கடைசி ஓவரில் தேவை வெறும் 9. 80 ரன் அடித்திருந்த வாட்சன் நாலாவது பந்தில் ரன் அவுட். கடைசிப் பந்தில் 2 ரன் தேவை, ஷர்துல் தாக்கூர் எல்பிடபிள்யூ.

அதிர்ஷ்டமும் சிஎஸ்கே பக்கம் இல்லாமல் இல்லை. வாட்சனின் கேட்சை மும்பை மூன்று முறை விட்டது. 19-வது ஓவரின் கடைசிப் பந்தை டி காக் கோட்டைவிட, 4 பைஸ். அம்பயர் கணக்கிலும் ஒரு பக்கத்தையே பேசுகிறோம். மும்பை இன்னிங்ஸின் கடைசி ஓவரில் பிராவோவின் பந்துக்கு வைடு தரவில்லை என்று பொல்லார்ட் பேட்டையே மேலே தூக்கி எறிந்தார். அவருக்கு 25 சதவீத அபராதம் விழுந்தது. வித்தியாசம் ஒரு ரன் என்னும்போது அந்த வைடையும் எண்ணத்தானே வேண்டும்?

அப்போ ஓட்டை எங்கே? பும்ராவும் ராகுல் சாஹரும் வீசிய 8 ஓவரில் கொடுத்தது மொத்தம் 28 ரன். ரெய்னா, ராயுடு, தோனி மூவரும் 70-க்கும் 82-க்கும் இடையில் போனார்கள். இது அன்றைக்கு மட்டும் நடந்ததல்ல. அந்த சீசனில் மும்பையிடம் சிஎஸ்கே நாலு மேட்ச் ஆடி நாலிலும் தோற்றது. அதில் இரண்டு நம்ம சேப்பாக்கத்திலேயே: லீக்கில் 109-க்கு ஆல் அவுட், குவாலிஃபையரில் 20 ஓவர் ஆடி 131. அந்த இரண்டிலும் அம்பயர் மேல் பழி போட இடமில்லை. வயதான, மெதுவான பேட்டிங் வரிசை நல்ல பந்துவீச்சு வந்தால் திணறியது, அவ்வளவுதான்.

வெளியூரிலும் இதே கதைதான். 2018 என்பிஏ பிளே-ஆஃபில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ், கோல்டன் ஸ்டேட்டுடனான ஏழாவது ஆட்டத்தில் தொடர்ந்து 27 மூன்று-பாயின்ட் ஷாட்களைத் தவறவிட்டது. தோல்வி 9 பாயின்ட்டில். பிறகு, நடுவர்களால் 18.6 பாயின்ட் போச்சு என்று கணக்குப் போட்டது அதே அணி!

2023 முதல் ஐபிஎல்லில் வைடு, நோ-பாலுக்கும் ரிவ்யூ கேட்கலாம். பொல்லார்ட் இன்று ஆடியிருந்தால் பேட்டை எறிய வேண்டியதில்லை. ரன் அவுட்டில் மூன்றாவது நடுவர் சொன்னதை எதிர்த்துக் கேட்க மட்டும் இப்போதும் வழி கிடையாது.