காற்றால் குளிரும் எஞ்சினில் ராக்கர் அமைவு

பெங்களூரில் அல்சூர் ஏரிக்கு அருகில் உள்ள மர்பி டவுன், 1947ஆம் ஆண்டுவரை பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்டிருந்த தண்டுப் பகுதியைச் சேர்ந்தது. தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் இடம் அது. அதற்குச் சில மைல் தொலைவில்தான் 1940ஆம் ஆண்டில் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை தொடங்கப்பெற்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 முதல், அமெரிக்க விமானங்களும் அவற்றின் எஞ்சின்களும் அங்கே பழுது பார்க்கப்பட்டன. டகோட்டா போன்ற விமானங்களில் பொருத்தப்பட்டிருந்த எஞ்சின்கள் காற்றால் குளிர்வன. தள்ளுதண்டும் ராக்கரும் கொண்டு வால்வைத் திறப்பன. ஆகவே, இக்கட்டுரையில் விளக்கப்படும் தொழில் பெங்களூர்க்குப் புதியதன்று.

அதே முறையில் இயங்கும் கார் எஞ்சின்களுள் மிகவும் பெயர் பெற்றது வோக்ஸ்வேகன் பீட்டில் காரினுடையது. 1938க்கும் 2003க்கும் இடையே இரண்டு கோடியே பத்து லட்சத்திற்கும் மேற்பட்ட பீட்டில் கார்கள் உற்பத்தியாயின. இந்த எஞ்சினை அவிழ்த்துப் புதுப்பிக்கும்போது பிஸ்டன், பேரிங் ஆகியவற்றில் காட்டும் கவனத்தைப் பலர் ராக்கர் அமைவில் காட்டுவதில்லை. அதன் விளைவு உடனே தெரிவதில்லை. சில ஆயிரம் மைல்களுக்குப் பின்னரே தெரியவரும்.

ராக்கரின் வேலை

கேம் தண்டு சுழலும்போது அதன் மேடு டேப்பெட்டை உயர்த்துகிறது. டேப்பெட் தள்ளுதண்டை நகர்த்த, தள்ளுதண்டு ராக்கரின் ஒரு முனையைத் தள்ளுகிறது. ராக்கர் தன் தண்டைச் சுற்றித் தராசுக்கோல்போல் அசைந்து, மறுமுனையில் உள்ள டேப்பெட் திருகினால் வால்வுக் காம்பின் நுனியை அழுத்துகிறது. வால்வு திறக்கிறது.

இங்கே ஓர் இயல்பான முரண்பாடு உண்டு. வால்வு நேர்கோட்டில் நகர்கிறது. ராக்கரின் முனையோ வட்டத்தின் வில்லில் நகர்கிறது. ஆதலால் திருகின் முனை, காம்பை அழுத்தும்போதே அதன் நுனிமேல் சிறிது பக்கவாட்டிலும் உராய்ந்து செல்கிறது. இந்த உராய்வு காம்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அத்தள்ளுதலை வால்வு கைடு தாங்கவேண்டியுள்ளது. பக்க நகர்வை முற்றிலும் நீக்க இயலாது. ஆனால் மிகக் குறைக்கலாம். அதுவே ராக்கர் அமைவின் நோக்கம்.

பாதித் திறப்பில் செங்கோணம்

வால்வு பாதி திறந்திருக்கும் நிலையில், ராக்கர் தண்டின் மையத்தையும் தொடுபுள்ளியையும் இணைக்கும் கோடு வால்வுக் காம்புக்குச் செங்கோணமாக இருக்கவேண்டும். இதன் காரணத்தை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ராக்கர் கையின் நீளம் 30 மி.மீ., வால்வு திறக்கும் தூரம் 8 மி.மீ. எனக் கொள்வோம்.

செங்கோண நிலை பாதித் திறப்பில் அமைந்தால், முனை அந்நிலைக்கு இருபுறமும் 4 மி.மீ. மட்டுமே செல்லும். அப்போது பக்க நகர்வு 0.27 மி.மீ. செங்கோண நிலை வால்வு மூடியிருக்கும்போதே அமைந்துவிட்டால், முனை அங்கிருந்து ஒரே புறமாக 8 மி.மீ. செல்லவேண்டும். அப்போது பக்க நகர்வு 1.09 மி.மீ.; அதாவது நான்கு மடங்கு. தூரம் பாதியானால் நகர்வு காற்பங்காகும் என்பதே இதிலுள்ள கணிதம்.

ஆசிரியர்கள் இதைக் கரும்பலகையிலேயே காட்டலாம். ஓர் ஆணியில் 30 செ.மீ. நூலைக் கட்டி, மறுமுனையில் சுண்ணக்கட்டியைப் பிணைத்து வில் வரைக. ஆணியின் மட்டத்திலிருந்து 8 செ.மீ. கீழே சென்றால் வில் 1.1 செ.மீ. உள்வாங்கும். மட்டத்திற்கு மேல் 4 செ.மீ. முதல் கீழ் 4 செ.மீ. வரை சென்றால் 3 மி.மீ. அளவுகூட உள்வாங்காது. திருகின் முனை குவிந்த வடிவமாயின், தொடுபுள்ளிக்குப் பதிலாக அக்குவிவின் வளைவு மையத்தைக் கணக்கில் கொள்ளவேண்டும்.

புதுப்பிக்கும்போது அமைவு மாறுவதேன்?

வால்வு சீட்டைத் தேய்த்தால் வால்வு உள்ளே இறங்க, காம்பின் நுனி வெளிப்புறம் நீளும். சிலிண்டர் ஹெட்டைக் கடைந்தாலும், சிலிண்டரின் அடியில் தகடு வைத்தாலும், கேம் தண்டிற்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளி மாறும். கேம் தண்டையே மாற்றினால் வால்வு திறக்கும் தூரம் மாறி, அதன் பாதியும் இடம் மாறும். ஆதலால் பழைய அளவில் பொருத்திய ராக்கர், புதுப்பித்த எஞ்சினில் சரியாக இருக்கும் என்று கொள்வதற்கில்லை.

செய்முறை

வால்வு, சீட், கைடு ஆகிய வேலைகள் முடிந்த பின்னரே ராக்கர் அமைவைத் தொடங்கவேண்டும். சோதனைக்காக வலுக்குறைந்த ஸ்பிரிங்கையும், நீளத்தை மாற்றக்கூடிய தள்ளுதண்டையும் பொருத்துக. டயல் கேஜை வால்வின்மேல் நிறுத்தி, கிராங்கைக் கையால் சுழற்றி, வால்வு திறக்கும் முழுத் தூரத்தை அளந்து, அதன் பாதியில் நிறுத்துக. பீட்டில் எஞ்சினில் கண்ணால் காணக்கூடிய அடையாளம் டேப்பெட் திருகேயாகும். பாதித் திறப்பில் அது வால்வுக் காம்புடன் ஒரே திசையில் நேராக நிற்கவேண்டும்.

அடுத்து, காம்பின் நுனியில் நீல மை தடவி, கிராங்கை இரண்டு சுற்றுச் சுற்றி, மை அழிந்த தடத்தைக் காண்க. முனை தண்டைவிட்டு விலகிச் சென்று, பின் அதே அளவு திரும்பினால் அமைவு சரி. திறக்கும்போது முனை முழுதும் விலகியே சென்றால் ராக்கர் தண்டு ஹெட்டிற்கு மிக அருகில் உள்ளது. அதைத் தாங்கும் கட்டைகளின் அடியில் ஷிம் தகடு வைக்கவேண்டும். முழுதும் தண்டை நோக்கியே வந்தால் தண்டு மிகத் தள்ளி உள்ளது. ஷிம் இருப்பின் குறைக்கவேண்டும். ஒரு ஹெட்டிலுள்ள இரண்டு கட்டைகளுக்கும் ஷிம் ஒரே கனத்தில் இருக்கவேண்டும். இன்றேல் தண்டு சாயும்.

தள்ளுதண்டின் நீளத்தை மட்டும் மாற்றி இக்குறையைத் தீர்க்க முயல்வது பரவலான தவறு. ராக்கர் தண்டின் உயரமே முனையின் பாதையைத் தீர்மானிக்கிறது; தள்ளுதண்டின் நீளம் திருகை நேராக நிறுத்த உதவுகிறது. எனவே முதலில் ஷிம், பின்னர் தள்ளுதண்டு என்பதே முறை. ஷிம்மை மாற்றிய ஒவ்வொரு தடவையும் திருகின் நிலையை மீண்டும் பார்க்கவேண்டும்.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. பீட்டில் எஞ்சினில் திருகு, ராக்கர் தண்டின் நீளவாக்கில், காம்பின் மையத்தைவிட்டுச் சற்று விலகியே தொடும். வால்வு மெல்லச் சுழன்று சீராகத் தேய்வதற்காக வேண்டுமென்றே செய்த ஏற்பாடு இது. குறையெனக் கருதித் திருத்தலாகாது.

நீளம் உறுதியானபின் தள்ளுதண்டுகளை அவ்வளவில் வெட்டிப் பொருத்துக. முழுத் திறப்பில் ஸ்பிரிங்கின் சுற்றுகள் ஒன்றோடொன்று முட்டாமலும், ராக்கர் ஸ்பிரிங் மூடியில் இடிக்காமலும், தள்ளுதண்டு அதன் குழாயில் உரசாமலும் இருப்பதை எட்டு வால்வுகளிலும் சோதிக்கவேண்டும். இறுதியில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இடைவெளியை வைக்கவேண்டும். பிற்கால 1600 எஞ்சினுக்கு அது 0.15 மி.மீ.

தவறினால் நேர்வது

வெளியேற்று வால்வின் வெப்பம் சீட்டின் வழியாகவும் கைடின் வழியாகவும் ஹெட்டிற்குச் செல்கிறது. அங்கிருந்து காற்று அதைக் கொண்டுபோகிறது. பக்க உராய்வினால் கைடு நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டால் காம்பு ஆடும். வால்வு சீட்டில் ஒழுங்காக அமராது. வெப்பம் வெளியேறும் இரு வழிகளும் குறையும். முற்கால பீட்டில் எஞ்சின்களில் எண்ணெய்க் குளிர்விப்பான் காற்றை மறைத்தமையால் மூன்றாம் சிலிண்டர் மற்றவற்றினும் அதிகமாகச் சூடேறியது. 1971ஆம் ஆண்டு மாதிரியில் அது இடம் மாற்றப்பட்டது. இத்தகைய சிலிண்டரில் ஆடும் வால்வின் தலை முறிந்து விழுமாயின், பிஸ்டனும் ஹெட்டும் சேர்ந்தே அழியும்.

பீட்டில் கிடைக்காத பயிற்சிக்கூடங்களில் பழைய இரும்புச் சிலிண்டர் புல்லட் மோட்டார் சைக்கிளின் எஞ்சினைக் கொண்டு இப்பாடத்தை நடத்தலாம். அதிலும் தள்ளுதண்டும் ராக்கரும் உண்டு. இடைவெளியைத் திருத்தும் இடம் மட்டும் தள்ளுதண்டின் அடிமுனையில் உள்ளது. எஞ்சின் எதுவாயினும் மாணவர் மனத்தில் பதியவேண்டியது ஒன்றே: இடைவெளி சரியாக இருப்பதால் அமைவும் சரியென்று கொள்ளலாகாது. ஃபீலர் கேஜ் வால்வு மூடிய நிலையை மட்டுமே காட்டும். அது திறந்து மூடும் பாதையைக் காட்டுவது காம்பின் நுனியில் உள்ள தடமேயாகும்.