பாக்கி கேட்காத பழக்கம்

புது வருஷ ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது நம்மில் பலர் ஒரு தீர்மானத்தோடு வருகிறோம். ‘இந்த வருஷம் வேதபுஸ்தகத்தை முழுதும் வாசித்துவிட வேண்டும்!’ கணக்கு சுலபம்தான். மொத்தம் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிறு மட்டும் ஐந்து என்றால் வருஷத்துக்குள் முடிந்துவிடும்.

ஆதியாகமம் கதைபோல ஓடும். ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும்போது குழந்தைக்குக் காய்ச்சல் வரும். ஊரிலிருந்து விருந்தாளி வருவார்கள். நாலு நாள் விட்டால் பன்னிரண்டு அதிகாரம் பாக்கி! சீட்டுப் பணம் கட்டாதவள் சீட்டுக்காரியைக் கண்டு ஒளிகிற மாதிரி, நாமும் வேதத்தைக் கண்டு ஒளிய ஆரம்பிக்கிறோம்.

எங்கள் சபையில் ஒரு இளம் தாய் என்னிடம் சொன்னாள்: “அக்கா, பிள்ளை பிறந்து ஆறு மாசமா ஜெபமே இல்லே. இப்போ முழங்கால் போடவே வெட்கமா இருக்கு.”

நான் அவளை யாத்திராகமம் 16-ஆம் அதிகாரத்தை வாசிக்கச் சொன்னேன். வனாந்தரத்தில் மன்னாவை அன்றன்றைக்குத்தான் பொறுக்க வேண்டும். மறுநாளுக்கு வைத்தால் புழுத்துப் போகும். ஓய்வுநாளுக்காக ஆறாம் நாளில் மட்டும் இரட்டைப் பங்கு. நேற்றைய பாக்கியைச் சேர்த்துப் பொறுக்கும்படி அங்கே யாரும் கேட்கவில்லை, பாருங்கள்!

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் போதகரின் மனைவியாக வாழ்ந்தவர் சூசன்னா வெஸ்லி (1669–1742). பெற்றது 19 பிள்ளைகள். அவர்களில் பலர் சிசுவிலேயே இறந்தார்கள். தனி அறைக்கு எங்கே போவார்? இடுப்பில் கட்டிய சமையல் துணியைத் தலைக்குமேல் போட்டுக்கொண்டு ஜெபிப்பாராம். பிள்ளைகளிடம் தனித்தனியே பேச, கிழமைக்கு ஒருவராக மாலை நேரத்தைப் பிரித்து வைத்திருந்தார். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான், சார்ல்ஸ் இருவரும் அவர் பிள்ளைகளே.

நீங்களும் செய்து பார்க்கச் சில வழிகள்:

நீதிமொழிகளில் 31 அதிகாரங்கள். தேதி எதுவோ, அதுவே அதிகாரம். ஒன்பதாம் தேதி விட்டுப் போனால் பத்தாம் தேதி பத்தாவதைத் திறந்தால் போதும். பாக்கியே விழாது.

ஏற்கனவே செய்யும் வேலையோடு ஜெபத்தை முடிந்து வையுங்கள். பால் பொங்கும்வரை வீட்டார் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி ஜெபிக்கலாம். இரவில் குழந்தைக்குப் பால் கொடுக்கையில் மனப்பாடமான ஒரு சங்கீதத்தைச் சொல்லலாம்.

குடும்ப ஜெபம் ஐந்து நிமிஷம் போதும். கணவர் வேலையிலிருந்து வரத் தாமதமானால், இருக்கிறவர்கள் பாட ஆரம்பியுங்கள்.

இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு மேலும் அழுகையும், எதிலும் பிடிப்பில்லாத நிலையும் நீடித்தால், ‘எனக்கு விசுவாசம் குறைந்துவிட்டது’ என்று மருகாதீர்கள். அது சிகிச்சையால் குணமாகும் நோயாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

மறுபடி தொடங்க அடுத்த ஜனவரிக்குக் காத்திருக்காதீர்கள், சகோதரிகளே. காலண்டரைப் பாருங்கள், இன்று என்ன தேதி?